பொதியிலும் பொது இல்லமும்

அயர்லாந்துத் தீவின் தென்மேற்கு மூலையில் டிங்கிள் என்னும் சிறு துறைமுகப்பட்டினம் ஒன்று உண்டு. அவ்வூரில் 'டிக் மேக்ஸ்' என்னும் பழமையான மதுவகத்தினுள் அடியெடுத்து வைத்தபோது, வழி தவறிச் செருப்புக் கடைக்குள் புகுந்துவிட்டோமோ என்று நாம் ஒரு கணம் திகைத்து நின்றோம். ஒருபுறம் தோல் வேலைக்குரிய மேசை, தோல் வார்கள், நெடிய அடுக்குகள். மறுபுறம் மதுக்குப்பிகள் நிற்கும் பலகை. இரண்டுக்கும் நடுவே ஆள் ஒருவர் கடந்து செல்லும் அளவே இடம். அங்கிருந்து சற்றுத் தொலைவு நடந்தால் 'ஃபாக்ஸி ஜான்ஸ்' என்னும் மற்றொரு கடை. அங்கே ஆணியும் சுத்தியலும் ஒருபக்கம் விற்கிறார்கள்; மறுபக்கம் மது வார்க்கிறார்கள். ஆணி வாங்க வந்தவர் அரைமணி நேரம் பேசிவிட்டுப் போவதும், பேச வந்தவர் போகும்போது நினைவாக ஆணி வாங்கிப் போவதும் அங்கே இயல்பு.

மகன் வேலை பார்க்கும் நாட்டைப் பார்த்துவரச் சென்ற முதிய இணையர் நாம். மது அருந்தும் வழக்கம் நமக்கு இல்லை. ஆயினும் அந்நாட்டில் வழிப்போக்கன் அமர்வதற்கு இத்தகைய மதுவகங்களை விட்டால் வேறு நல்லிடம் இல்லை என்று மகன் கூறியதால் துணிந்து சென்றோம். தேநீர் கேட்டோம், மறுப்பின்றிக் கொடுத்தார்கள். பக்கத்தில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் தம் கோப்பையிலிருந்து கண்ணெடுக்காமலே, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். திருவனந்தபுரம் என்றோம். அவர் சற்று எண்ணிப்பார்த்து, அதற்கு முன்பு எந்த ஊர் என்றார். எவ்வளவு நாளாக நம்மை அறிந்தவர் போலக் கேட்கிறாரே என்று நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆரியசாலையில் பிறந்து வளர்ந்து, பாட்டனார் ஊராகிய இரணியலைக் கோடை விடுமுறைகளில் மட்டுமே கண்ட நமக்கு அந்தக் கேள்விக்கு விடை சொல்ல நேரம் பிடித்தது.

இக்கட்டுரை எழுத நேர்ந்தது அந்தக் கேள்வியால்தான்.

அயர்லாந்தின் பழைய மதுவகங்களைப் பற்றிச் சில செய்திகளை முதலில் கூறிவிடுதல் நலம். வாயிலின் மேல் பெரும்பாலும் கடைக்கு எந்தக் கவர்ச்சிப் பெயரும் இராது. உரிமையாளரின் குடும்பப் பெயர் மட்டும் இருக்கும். முன்பகுதி மளிகைக் கடை, பின்பகுதி மதுவகம் என்பதே நாட்டுப்புறத்துப் பழைய அமைப்பு. ஆபிலீக்ஸ் என்னும் ஊரிலுள்ள மோரிஸி கடையில் பழைய மளிகை அடுக்குகளை இன்றும் காணலாம். தேயிலை, சர்க்கரை, விதை, விளக்கெண்ணெய், மது ஆகிய யாவும் ஒரே கல்லாவில் கணக்கு. சில ஊர்களில் மதுவக உரிமையாளரே ஈமச் சடங்கு ஏற்பாட்டாளராகவும் இருப்பார். பிறப்பைக் கொண்டாடியவரிடமே இறப்பையும் ஒப்படைத்துவிடலாம். வாயிலை ஒட்டி மரத்தடுப்பால் அடைத்த சிற்றறை ஒன்று இருக்கும். ஊரார் கண்ணில் படாமல் அமர விரும்பிய பெண்டிரும் பாதிரியாரும் அதனுள் இருந்து குடித்தனர். பொது இடம் என்று பெயர் இருந்தாலும் அதற்குள்ளும் ஒரு திரை இருந்தது என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்வோம், பின்னர் வேண்டியிருக்கும்.

மது வார்ப்பதிலும் ஒரு பொறுமை உண்டு. வறுத்த வாற்கோதுமையால் கறுப்பு நிறம் பெற்ற அந்நாட்டு மதுவை ஒரே மூச்சில் ஊற்றிவிடுவதில்லை. முக்கால் பங்கு ஊற்றி, நுரை அடங்கும்வரை காத்திருந்து, பிறகே நிரப்புகிறார்கள். ஆர்தர் கின்னஸ் என்பார் 1759இல் டப்ளின் நகரில் அதற்கான ஆலைக்கு எடுத்த குத்தகை ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்காம். ஆண்டுக்கு 45 பவுன் வாடகை. வணிகத்தில் நம் செட்டிமாரே அவ்வளவு தொலைநோக்குக் கொண்டதில்லை! நண்பர் நால்வர் கூடினால் ஒவ்வொருவரும் முறை வைத்து நால்வருக்கும் வாங்கிக் கொடுக்க வேண்டும். தன் முறை வருமுன் எழுந்து போகிறவனை ஊர் மறக்காது. டப்ளினில் 'பிரேசன் ஹெட்' என்னும் கடை 1198ஆம் ஆண்டினது என்றும், ஆத்லோனிலுள்ள 'ஷான்ஸ் பார்' அதனினும் பழமையானது என்றும் உரிமை கொண்டாடுகின்றன. இவ்வகை உரிமைகளை வரலாற்றாசிரியர் ஐயத்துடனேயே நோக்குவர். பழமைக்குப் போட்டியிடும் பழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று என்ற ஆறுதல்தான் நமக்குக் கிடைத்தது.

இவ்விடங்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சுருக்கப் பெயர் 'பப்' என்பது. பொது இல்லம் என்பதே அதன் விரிவு. இதைக் கேட்டதும் தமிழ் கற்றவர் உள்ளத்தில் ஒரு சொல் எழாமல் இராது. பொதியில் என்பது அச்சொல். பொது, இல் என்னும் இரண்டும் கூடி நிற்பது. ஊர்ப் பொதுவிடம், மன்றம், அம்பலம் என்று பொருள்படுவது. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய பட்டினப்பாலை, ஊருக்குப் புதியவராகிய வழிப்போக்கர் வந்து தங்கும் பொதியிலைக் காட்டுகிறது. மெழுகிய தரை, ஏற்றிய விளக்கு, நடுவே கந்து என்னும் தெய்வத் தூண். விளக்கேற்றியவர் போரில் சிறைபிடிக்கப்பட்டு வந்த மகளிர் என்னும் செய்தியும் அங்கே உண்டு. தங்க வந்தவன் விருந்தினன், விளக்கேற்றுகிறவள் அடிமை. பொதுவிடத்தின் வரலாற்றில் அத்திரை இப்படித் தொடக்கத்திலேயே இருக்கிறது. அதே பாட்டில் மது விற்கும் கடைகளின் முகப்பில் பறந்த கொடியையும், அங்கே மீனும் இறைச்சியும் பொரிந்த ஓசையையும் புலவர் மறவாது கூறுகிறார். மதுரைக் காஞ்சியிலும் கள்விலைக் கொடி பறக்கிறது. இன்று கேரளத்துச் சாலையோரங்களில் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் 'கள்ளு' என்று எழுதித் தொங்குவதைக் காணும்போதெல்லாம், துணிக்கொடி பலகையாயிற்று, மற்றபடி வேறுபாடு சிறிதே என்று நமக்குத் தோன்றும். மரச்சீனிக் கிழங்கும் மிளகாய் மிகுந்த மீன்குழம்பும் அங்கே இன்னும் மணக்கின்றன.

அம்பலம் என்ற சொல்லுக்கு நேர்ந்த கதி தனியே எண்ணத் தக்கது. தமிழில் அது ஊர்ப் பொதுவிடம். மலையாளத்தில் அது கோயில். பொதுவாக இருந்தது எப்படித் திருவிடமாயிற்று, திருவிடமான பின் எப்படிப் பொதுவல்லாதாயிற்று என்பதைச் சொல்லாராய்ச்சி வல்லார் விளக்கட்டும். வழியம்பலம் என்னும் தொடரில் மட்டும் பழைய பொருள் ஒதுங்கிக் கிடக்கிறது. நம் நகருக்கு வடக்கே நெடுஞ்சாலையில் கல்லம்பலம் என்றோர் ஊர் இருக்கிறது. பேருந்தில் செல்வோர் எவரும் அப்பெயரைப்பற்றி எண்ணுவதில்லை.

பண்டை அயர்லாந்தில் மன்னரும் புலவரும் பெற்ற மதிப்பைப் பெற்ற வேறொரு வகையார் இருந்தனர். பிரியுகு என்பது அவர்க்குப் பெயர். பல வழிகள் கூடுமிடத்தில் வீடு கட்டி, வருவோர் யாராயினும் எந்நேரமாயினும் உணவளிப்பது அவர் கடமை. மறுத்தால் மதிப்பிழப்பர் என்று அந்நாட்டுப் பழஞ்சட்டம் விதித்தது. செல்வத்தைச் சேர்த்து வைப்பதால் அன்று, செலவழிப்பதாலேயே ஒருவன் உயர்நிலை பெறலாம் என்று சட்டமே சொன்ன நாடு அது. ஆற்றுப்படை நூல்களைப் படித்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

இனி ஆரியசாலைக்கு வருவோம்.

கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைத்தெருவின் நடுவில் நாம் பிறந்த ஆரியசாலை இருக்கிறது. இக்கடைத்தெருவை அமைத்தவர் கார்த்திகைத் திருநாள் மன்னரின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ். விளவங்கோட்டுப் பகுதியிலிருந்து எழுந்து பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரையே நடத்தியவர் அவர். தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பெயர்ந்த அக்காலத்தில், நகருக்கு வேண்டிய பண்டங்கள் வந்திறங்க ஓர் இடம் தேவைப்பட்டது. நாஞ்சில் நாட்டு நெல்லும் திருநெல்வேலிச் சீமை மிளகாயும் வண்டி வண்டியாக வந்தன. பண்டங்களோடு மனிதரும் வந்தனர். நம்மவர் பலர் இங்கே வேரூன்றியது அவ்வாறே.

ஆனால் சாலை என்னும் பெயர் கடைத்தெருவுக்கு முந்தியது. சோழன் முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி அவன் வெற்றிகளுள் முன்னதாக எடுத்துரைக்கும் காந்தளூர்ச் சாலை, இங்குள்ள வலியசாலையை ஒட்டிய பகுதியே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. அங்கே அவன் 'கலம் அறுத்தான்' என்பதற்குக் கப்பல்களை அழித்தான் என்பார் ஒருசாரார். சாலை என்பது மாணவர்க்கு உணவும் கல்வியும் அளித்த நிலையம். கலம் என்பது உண்கலம். ஆகவே அங்கே உண்போரின் உரிமையைப் பற்றியதே அத்தொடர் என்பார் மற்றொருசாரார். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அவர்கள் இச்சாலையைப் பற்றித் தனி ஆராய்ச்சியே செய்தார். நமக்குத் தீர்ப்புக் கூறும் தகுதி இல்லை. எனினும், ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் பார்த்திவசேகரபுரத்தில் சாலை ஒன்றை நிறுவிய செப்பேடு இரண்டாம் கருத்தின் பக்கம் நம்மைச் சாய்க்கிறது. காந்தளூரை முன்மாதிரியாகக் கொண்ட அச்சாலையில் 95 பேர்க்கு இடம் ஒதுக்கப்பட்டது. அதுவும் பவிழியர்க்கு 45, தைத்திரியர்க்கு 36, தலவகாரர்க்கு 14 என்று வகுத்து. வேதம் ஓதுவோரன்றி வேறெவர்க்கும் அந்தத் தொண்ணூற்றைந்தில் ஓரிலையும் இல்லை. நம் தெருவின் பெயரே, யார் உட்காரலாம் யார் உண்ணலாம் என்னும் கணக்கிலிருந்து பிறந்ததாக இருக்கக்கூடும் என்பது நம்மைப் பல நாள் சிந்திக்க வைத்தது.

அக்கணக்கு ஆய் மன்னரோடு முடிந்துவிடவில்லை. திருவிதாங்கூர் அரசு நெடுவழிகளில் ஊட்டுப்புரைகளை நடத்திற்று. வழிப்போக்கராய் வரும் அந்தணர்க்கு அங்கே இலவச உணவு உண்டு. இந்நாட்டைத் தருமபூமி என்று போற்றியவர்கள் இதைக் கொண்டே போற்றினர். சாமுவேல் மெட்டீர் என்னும் பாதிரியார் 1871இல் இந்நாட்டைப்பற்றி எழுதிய நூலுக்கு அப்பெயரையே தலைப்பாக வைத்துவிட்டு, அத்தருமம் யாரைச் சென்றடைகிறது என்று உள்ளே கேட்டிருக்கிறார். கேள்வி கசப்பானதாயினும் பொருந்தாததன்று. மற்றவர்க்கு இருந்தவை வழியம்பலம், மோர்ப்பந்தல், சுமைதாங்கி. இரண்டு கற்களை நட்டு மேலே ஒரு பலகைக்கல்லை இட்டால் சுமைதாங்கி ஆயிற்று. தலைச்சுமையை ஆள் துணையின்றி இறக்கி வைக்கவும் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரம். கருவுற்று மாண்ட பெண்ணின் நினைவாக அதை நாட்டுவது நம் முன்னோர் வழக்கம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்கு, இறக்கி வைக்க ஓரிடம்! இதனினும் நுண்ணிய பொதுப்பணியை நாம் எந்நாட்டிலும் கண்டதில்லை.

நம் பாட்டனார் கருப்புக்கட்டி வணிகர். இரணியலிலிருந்து மாட்டுவண்டியில் நார்ப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் பயணம் செய்து குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாக வருவாராம். பாலராமபுரத்தில் விடியும். ஆரியசாலையில் தெரிந்தவர் கடைத் திண்ணையில் சரக்கை இறக்கிவிட்டுக் கிள்ளியாற்றில் குளித்துவருவார். பனை என்பது விந்தையான மரம். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் வடிந்தால் அது பதநீர். நம் நாட்டார் வழக்கில் அக்கானி. காய்ச்சினால் கருப்புக்கட்டி. சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் வடிந்தால் அதுவே கள். ஒரே பாளை, ஒரே அரிவாள், ஒரே மனிதன் உயிரைப் பணயம் வைத்து ஏறும் ஒரே ஏற்றம். பாட்டனார் தம் வாழ்நாளில் கள்ளைத் தொட்டதில்லை. ஆனால் கள்ளிறக்குவோரைப் பற்றி இழிவாக ஒரு சொல்லும் சொல்ல விடமாட்டார். சுண்ணாம்பு அளவுதானே வேறுபாடு என்பார்.

பனையேறிகளைப் பற்றி எழுதி வம்பில் மாட்டிக்கொண்ட ஐரிய நாட்டுப் பிறப்பினர் ஒருவரையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அவர் நாம் அனைவரும் அறிந்த கால்டுவெல். அன்ட்ரிம் மாவட்டத்தில் கிளேடி என்னும் ஊரில் 1814இல் பிறந்த அவர் 1838இல் சென்னை வந்து, பின் இடையன்குடியின் செம்மணல் தேரியில் குடியேறினார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் தந்து நம் மொழிக்குத் தனி நிலை நாட்டிய அதே கை, 1849இல் பனையேறும் மக்களைப் பற்றி எழுதிய சிறுநூல் அம்மக்கள் உள்ளத்தைப் புண்படுத்தியது, எதிர்ப்பும் வலுத்தது. மொழியைப் புரிந்துகொண்டவர் அதைப் பேசுகிறவரையும் முழுதும் புரிந்துகொள்வார் என்று சொல்வதற்கில்லை.

கால்டுவெல் சென்னையில் இறங்கிய அதே 1838இல், அயர்லாந்தின் கார்க் நகரில் மேத்யூ என்னும் பாதிரியார் மதுவிலக்கு உறுதிமொழி இயக்கத்தைத் தொடங்கினார். மக்கள் இலட்சக்கணக்கில் திரண்டு உறுதி எடுத்தனர். மதுவகங்களின் நாடு என்று இன்று உலகம் பேசும் நாட்டிலேதான் அவ்வளவு பெரிய மதுவிலக்கு இயக்கம் எழுந்தது. ஆனால் 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்றது. 1852 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதே அளவினர் கப்பலேறினர். உறுதிமொழி இயக்கமும் அதில் நலிந்தது. புனித வெள்ளியன்று மதுவகங்களை அடைத்து வைக்கும் சட்டம் மட்டும் 1927 முதல் 2018 வரை நின்றது.

நம் பக்கத்தில் இதற்கு நிகராக நின்றவர் ஸ்ரீ நாராயண குரு. கள்ளிறக்குதலைக் குலத்தொழிலாக உடைய மக்களிடையே தோன்றி, 1920களின் தொடக்கத்தில் அவர், மது நஞ்சு, அதை ஆக்கவும் கொடுக்கவும் குடிக்கவும் கூடாது என்று தம் மக்களுக்கே அறிவுறுத்தினார். பிறர்க்கு அறிவுரை கூறுதல் எளிது. தம் இனத்தாரின் அடுப்பெரியும் தொழிலை விடுமாறு கூறுதல் எளிதன்று. அதே காலத்தில், 1921இல், ஈரோட்டுப் பெரியார் தம் தோப்பில் 500 தென்னைக்கும் மேல் வெட்டிச் சாய்த்தார். கள்ளுக்கடை மறியலில் நாகம்மையார் முன் நின்றார். 1924இல் வைக்கம் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறைப்பட்டபோது திருவனந்தபுரம் சிறையும் அவரைக் கண்டது. கள்ளை விடு என்பதும் தெருவில் நடக்க விடு என்பதும் ஒரே மனிதர்களால் ஒரே காலத்தில் சொல்லப்பட்டன என்பது தற்செயலன்று.

ஏனெனில் அமர்வதற்கு முன் நடக்க வேண்டும் அல்லவா? 1893இல் அய்யன்காளி வெங்ஙானூரிலிருந்து வில்வண்டி ஏறிப் பொதுவழியில் சென்றது, அவ்வழி அவருக்குப் பொதுவாக இல்லாததால். 1898இல் அவரும் தோழரும் நடந்து வந்தபோது மோதல் மூண்டது பாலராமபுரத்துச் சாலியர் தெருவில். நம் பாட்டனாரின் வண்டி விடிகாலையில் தடையின்றிக் கடந்த அதே ஊர். பாலராமவர்மர் காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய நெசவாளர் தெரு அது. புலம்பெயர்ந்து வந்தவர் வாழும் தெருவிலேயே இன்னொருவன் நடப்பதற்கு அடிபட வேண்டியிருந்தது என்பதை, புலம்பெயர்ந்தோர் மலராகிய இதில் எழுதாமல் விட்டுவிடுதல் முறையன்று என்று எண்ணினோம். தேநீர்க் கடைகள் வந்தபோதும் நிலை உடனே மாறவில்லை. பலகையில் அமர்ந்து கண்ணாடிக் குவளையில் குடித்தவர் ஒருசாரார். வெளியே நின்று சிரட்டையில் வாங்கிக் குடித்தவர் ஒருசாரார். அயர்லாந்தின் மரத்தடுப்பு பெண்ணை மறைத்தது. நம் தடுப்புக்கு மரமும் தேவைப்படவில்லை.

தடுப்பை முதலில் தள்ளிப்பார்த்தவருள் ஒருவர் தமிழர் என்பதில் நமக்குப் பெருமை. கால்டுவெல் பிறந்த அதே 1814இல் பிறந்தவராகக் கூறப்படும் தைக்காடு அய்யாவு சுவாமிகள், ஆங்கிலேயப் பேராளர் மாளிகையில் மேற்பார்வையாளராக இருந்துகொண்டே யோகம் கற்பித்தார். நாராயண குருவும் சட்டம்பி சுவாமிகளும் அவரிடம் பயின்றனர். எல்லாச் சாதியாரையும் ஒரே வரிசையில் அமர்த்தி உணவு பரிமாறிய பந்திபோசனத்தை அவர் நடத்தினார், அதற்காக இழிசொல் கேட்டார், நிறுத்தவில்லை. கொச்சிப் பகுதியின் செறாயியில் சகோதரன் அய்யப்பன் 1917இல் நடத்திய சமபந்தி பெரும் புயலைக் கிளப்பியது. அதற்குப் பல்லாண்டு முன்பே தைக்காட்டில் இலை விரித்தவர் அய்யாவு சுவாமிகள். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையவர்களோடு அவரும் தொடர்புகொண்டிருந்த சைவப்பிரகாச சபை நம் சாலைத் தெருவிலேயே இருக்கிறது. சொற்பொழிவு கேட்கச் சிறுவயதில் தந்தையார் கைபிடித்து நாம் சென்ற இடம் அது. சொற்பொழிவு நினைவில்லை, பின்னர் படிக்கட்டில் அமர்ந்து பெரியவர்கள் பேசிய பேச்சுத்தான் நினைவிருக்கிறது.

அத்தகைய பேச்சுக்குக் கடைத்தெருவில் என்றும் குறைவில்லை. மூட்டை தூக்குவோரும் தரகரும் கணக்கெழுதுவோரும் வந்து குந்தும் கடைப்பலகைகளை இலக்கியத்துக்குள் கொண்டுவந்தவர் ஆ. மாதவன். சாலைத் தெருவில் பாத்திரக்கடை நடத்திக்கொண்டே 'கடைத்தெருக் கதைகள்' எழுதியவர், 2015இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர், 2021இல் மறைந்தார். மோரிஸி கடையின் மளிகை அடுக்குகளைப் பார்த்தபோது நமக்கு அவர் கடை நினைவே வந்தது. வாங்க வந்தவனையும் பேச வந்தவனையும் பிரித்தறிய இயலாத கடைகள் இரண்டும். தேநீர்க் கடைகளில் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்கப் பத்துப்பேர் கேட்பதும், உரிமையாளர் அஞ்சி 'இங்கே அரசியல் பேசக்கூடாது' என்று எழுதி வைப்பதும், அவ்வெழுத்தின் கீழேயே அமர்ந்து அரசியல் பேசுவதும் இந்நகர் வழக்கம்.

இப்போது நம் நெஞ்சை உறுத்தும் பகுதிக்கு வருகிறோம். டிங்கிளில் அன்றிரவு வயலினும் புல்லாங்குழலும் இசைத்தார்கள். மேடை இல்லை, மூலையில் நான்கு நாற்காலிகள், யார் வந்தாலும் சேர்ந்து இசைக்கலாம். நடுவே ஒருவர் எழுந்து தம் தாய்மொழியாகிய ஐரிய மொழியில் பாடினார். டிங்கிளைச் சுற்றிய பகுதி அம்மொழி இன்றும் பேசப்படும் சில பகுதிகளுள் ஒன்று. பாட்டு முடிந்ததும் அனைவரும் கைதட்டினர். ஆனால் பொருள் புரிந்து கேட்டவர் எத்தனைபேர் என்று வினவியபோது, நம் பக்கத்து முதியவர் தம்மையும் சேர்த்து மூன்று விரல்களைக் காட்டினார். பஞ்சமும் கப்பலும் பள்ளிக்கூடமும் சேர்ந்து மொழியை ஒடுக்கிவிட்டன. இசையை மதுவகம் காப்பாற்றியது. பொதுவிடம் எதைக் காக்கும், எதைக் காக்க இயலாது என்பதை அந்த மூன்று விரல்கள் காட்டின. கடல் கடந்த ஐரியர் போன இடமெல்லாம் தம் மதுவகத்தைக் கட்டினர். நியூயார்க்கிலும் சிட்னியிலும் அதே பெயர்ப்பலகை உண்டு, அதே இசை உண்டு. மொழி மட்டும் உடன் செல்லவில்லை.

1956 நவம்பர் முதல் நாள் நான்கு தென் வட்டங்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைக்கும் குழித்துறைக்கும் இடையே ஒரு கோடு விழுந்தது. பாட்டனாரின் வண்டித்தடம் இரு மாநிலங்களின் வழியாயிற்று. ஆரியசாலைத் தமிழர் எங்கும் நகராமலே அயல் மாநிலத்தவர் ஆயினர். நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் கற்றனர். பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுவர், படிப்பதில்லை. அவர்கள் தோசையையும் பொங்கலையும் விடவில்லை, திரைப்பாட்டையும் விடவில்லை. இம்மலரில் நாம் எழுதும் இதை அவர்களுக்கு நாமே படித்துக் காட்ட வேண்டும். அதைக் குறையாக மட்டும் சொல்லவில்லை. மலையாளம் நமக்குச் சோறு தந்த மொழி. அதன் இனிமையை அறியாமல் இந்நகரில் வாழ்ந்தவர் வாழ்ந்தவரல்லர். ஆனால் விரல்விட்டு எண்ணும் நிலை நம் தெருவுக்கும் வருமோ என்ற எண்ணம் திரும்பும் விமானத்தில் நம்மை உறங்கவிடவில்லை.

ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்னர்ப் பத்மநாபபுரத்திலிருந்து மூன்று தெய்வங்கள் புறப்படுகின்றன. கம்பர் வழிபட்டதாக வழிவழியாகக் கூறப்படும் கலைமகள் ஒருவர். சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை ஒருவர். வேளிமலைக் குமாரசுவாமி ஒருவர். குழித்துறையில் ஓரிரவு, நெய்யாற்றின்கரையில் ஓரிரவு தங்கி, மூன்றாம் நாள் மாலை திருவனந்தபுரம் சேர்கின்றனர். எல்லைக்கோட்டில் இரு மாநிலக் காவலரும் மரியாதை செய்து கைமாற்றுகின்றனர். கலைமகள் கோட்டையினுள் நவராத்திரி மண்டபத்திலும், நங்கை செந்திட்டைக் கோயிலிலும் தங்க, முருகன் தங்கும் இடம் நம் ஆரியசாலைக் கோயில். வேளிமலையான் ஒன்பது நாளும் நம் தெருவுக்கு விருந்தினன்.

அயர்லாந்திலிருந்து திரும்பிய ஆண்டு முருகன் வந்து சேர்ந்த இரவில், கூட்டம் கலைந்தபின் சந்திப்பிலுள்ள தேநீர்க் கடைக்குச் சென்றோம். ஊர்வலத்தோடு தக்கலையிலிருந்து நடந்தே வந்த முதியவர் ஒருவர் பலகையில் அமர்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். நம் பேச்சைக் கேட்டு நிமிர்ந்து, "அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" என்றார். இந்த ஊர்தான், ஆரியசாலை என்றோம்.

"அது தெரியுது. அதுக்கு முன்ன?"

இரணியல் என்றோம். எந்தத் தெரு என்றார். தெருவின் பெயரைச் சொன்னோம். அவர் சற்று நகர்ந்து பலகையில் இடம் விட்டார். பாட்டனாரின் பெயரைக் கேட்டார். கருப்புக்கட்டி வண்டி என்றதும், தம் தந்தையார் அவ்வழியில் வண்டியோட்டியவர் என்றும், பாறசாலைக்கு இப்பால் ஒரு சுமைதாங்கி இருந்ததென்றும், சாலையை அகலப்படுத்தியபோது அது போய்விட்டதென்றும் சொல்லத் தொடங்கினார். கடைக்காரர் மலையாளத்தில் இன்னும் இரண்டு தேநீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றோம்.